பொங்கல் லீவில் அரிக்காத திருகு

துறைத் தலைவர் என்னை மன்னித்துவிட்டதாக எல்லோர் முன்னாலும் அறிவித்தார். நான் மன்னிப்பே கேட்டிருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர், கடைசியில் நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன் என்று எதிர்பார்க்கிறார்கள். தப்பு செய்தேன். அதை நானே சொன்னேன். குனியவெல்லாம் இல்லை.

நான் இருப்பது செங்கல்பட்டில். வேலை, நெம்மேலிக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கும் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக் கட்டடத்தில். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. கல்யாண வீட்டில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "உலோகம் எப்படிக் கெட்டுப்போகுதுன்னு பார்க்கிறேன்" என்பேன். அதோடு பேச்சு சாம்பாருக்குத் திரும்பிவிடும். எனக்கும் அது சௌகரியம்தான்.

சரியாகச் சொன்னால், உடம்புக்குள் கரைந்துபோகிற மெக்னீசியம் திருகுகளைச் சோதிக்கிற வேலை. எலும்பு முறிந்தால் டாக்டர்கள் பிளேட் வைத்துத் திருகு போட்டு இறுக்குவார்கள். எஃகு, அல்லது டைட்டானியம். எலும்பு கூடிய பிறகும் அது உள்ளேயே கிடக்கும். தொந்தரவு கொடுத்தால் இன்னொரு தடவை வெட்டி எடுக்க வேண்டும். மெக்னீசியத் திருகுக்கு அந்த இரண்டாவது வெட்டு வேண்டாம். உடம்பின் உப்புத் தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும், கரைந்ததைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். கேட்க அவ்வளவு சுகமாக இருக்கும். சிக்கல் ஒன்றே ஒன்றுதான். எலும்பு கூடுவதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். அதுவரை திருகு தாங்க வேண்டும். அதற்கு முன்னாலேயே அதன் பலம் போய்விட்டால், கூடாத எலும்பும் உடைந்த திருகும் ஒரே காலில் இருக்கும், அந்தக் காலை ஊன்றி ஒருவர் நடக்க ஆரம்பித்திருப்பார்.

எங்கள் பக்கத்தில் இது கொஞ்சம் வேடிக்கையான வேலை. கடற்காற்று அந்தக் கட்டடத்தின் கேட்டைத் தின்கிறது, ஏ.சி. ஸ்டாண்டைத் தின்கிறது, வருடத்துக்கு ஒரு தடவை ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வருகிறார். பக்கத்தில் கடல் தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலையில் குழாய் துருப்பிடிக்காமல் இருக்க என்னென்னவோ செய்கிறார்கள். இந்தக் கரையில் எல்லோரும் உலோகம் அரிக்கக் கூடாது என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் ஒரு திருகு சரியான வேகத்தில் அரித்துப்போக வேண்டும் என்று உட்கார்ந்திருந்தோம். வேகமாகவும் போகக் கூடாது, போகாமலும் இருக்கக் கூடாது.

எனக்கு இதில் சொந்தக் காரணமும் உண்டு. நெம்மேலி வளைவில் காற்று கொண்டுவந்து கொட்டியிருந்த மணலில் என் ஸ்கூட்டர் சறுக்கியது. வலது கணுக்காலில் ஒரு பிளேட், ஐந்து எஃகுத் திருகுகள். அதில் ஒன்றின் தலையைத் தோலுக்கு அடியில் விரலால் தடவலாம். செருப்பு வார் அதன்மேல் உரசும். அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் நின்றால் அது தன் இருப்பைச் சொல்லும். எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. மறுபடி மேஜையில் படுக்க எனக்கு இஷ்டமில்லை, தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். ஆகவே எங்கள் மெக்னீசியத் திருகு ஜெயிக்க வேண்டும் என்று அந்தக் கட்டடத்தில் என்னைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் யாரும் கிடையாது. துறைத் தலைவர்கூட எனக்கு அடுத்தபடிதான்.

சோதனை எளிமையானது. ரத்தத்தில் என்னென்ன உப்பு எவ்வளவு இருக்கிறதோ அதே அளவில் கலந்த தண்ணீர், உடம்புச் சூட்டில். அதில் ஒரு திருகு. போட்டதுமே சோடாவில் எழுவதுபோல் சின்னச் சின்னக் குமிழ்கள் எழும்பும். அது ஹைட்ரஜன். அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வாரத்துக்கு ஒரு திருகை வெளியே எடுத்து, எடை பார்த்து, எந்திரத்தில் இழுத்து, எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது என்று குறிப்போம். பன்னிரண்டு வாரம், எண்பத்து நான்கு நாள்.

இதில் ஒரே ஒரு கண்டிப்பான விதி, தினமும் அந்தத் தண்ணீரை மாற்ற வேண்டும். மெக்னீசியம் அரிக்க அரிக்கத் தண்ணீரில், சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி, காரம் ஏறும். காரம் ஏறிய தண்ணீரில் திருகின்மேல் வெள்ளையாக ஒரு படலம் படிந்து, அரிப்பு மந்தமாகிவிடும். உடம்புக்குள் அந்தச் சலுகை கிடையாது. அங்கே ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது, காரத்தை அடித்துக்கொண்டு போய்விடும். பீக்கருக்கு ரத்த ஓட்டம் நான்தான். மாற்றியதும் நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே, "திரவம் மாற்றப்பட்டது" என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

முதல் சோதனையை டிசம்பரில் ஆரம்பித்தோம். நடுவில் பொங்கல் வந்தது. போகியிலிருந்து காணும் பொங்கல் வரை நான்கு நாள். தஞ்சாவூரிலிருந்து மாமியார் வீட்டு ஆட்கள் எல்லோரும் வந்து இறங்கியிருந்தார்கள். ஆய்வக உதவியாளர், கட்டடத்துக்குப் பக்கத்து மீனவர் குப்பத்துக்காரர், பெண்டாட்டியின் ஊரான பழவேற்காட்டுக்குப் போய்விட்டார். காணும் பொங்கலன்று மட்டுமாவது போகலாம் என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு மெட்ராஸே திரண்டு மாமல்லபுரத்துக்கு வரும். திருக்கழுக்குன்றம் தாண்டியதுமே பஸ் நகராது. சரி, திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கரும்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அதில் தப்பொன்றும் இல்லை. லீவு நாளில் ஒருத்தி வீட்டில் இருப்பது குற்றமா?

குற்றம் அடுத்த நாள் நடந்தது. நோட்டைத் திறந்தேன். நான்கு கட்டம் காலியாக இருந்தது. எங்கள் அலுவலகங்களில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. வேலை நடக்காமல் இருக்கலாம், ரெஜிஸ்டரில் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. ஆடிட் வருகிறவர் பார்ப்பது கட்டத்தைத்தான். எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். ஒரே பேனாவில், ஒரே மூச்சில், நான்கு டிக், நான்கு கையெழுத்து. ஒரேமாதிரி இருந்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று மூன்றாவது டிக்கைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டேன். அந்தச் சாய்வை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது. படித்த படிப்பெல்லாம் அதற்குத்தான் உதவியது.

மார்ச்சில் துறைத் தலைவர் பெரிய சந்தோஷத்தில் இருந்தார். பன்னிரண்டு வாரமும் திருகு தாங்கியிருந்தது. ஆறாவது வாரத்தில் வரைபடத்தின் அரிப்புக்கோடு ஒரு மொட்டைமாடி மாதிரி சமமாகிவிட்டிருந்தது. "பார்த்தியா? இந்த உலோகம் தன்னைத் தானே காப்பாத்திக்குது" என்றார். அதையே தலைப்பாக வைத்து ஸ்லைடு செய்யச் சொன்னார். நோயாளிகளுக்கு வைத்துப் பார்க்க அனுமதி கேட்கும் கூட்டம் ஏப்ரலில். அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம்கூட இல்லை. அதற்குள் ஒரே ஒரு ஆளாவது இந்தத் திருகோடு நடந்து போவதைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கெட்ட ஆசை இல்லை. நானும் அதையேதான் ஆசைப்பட்டேன்.

ஸ்லைடு செய்யும்போது கோட்டுக்கு அடியில் வாரத்தின் எண்ணை எடுத்துவிட்டுத் தேதியைப் போட்டேன். கோடு சமமாகத் தொடங்கிய இடத்தில் போகி இருந்தது.

கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் மாற்றாத நான்கு நாளில் காரம் ஏறி, படலம் தடித்துப் படிந்து, திருகு சுகமாகத் தூங்கியிருக்கிறது. அந்தப் படலத்தின் தயவில் பிப்ரவரி முழுக்க ஓட்டியிருக்கிறது. உலோகம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. நான் கரும்பு தின்ற நான்கு நாள்தான் அதைக் காப்பாற்றியது. காரம் ஏறினால் படலம் படியும் என்பது இந்தத் துறையில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம். எனக்குத் தெரியும். தெரிந்தும், டிக் போட்ட கையோடு மறந்துவிட்டேன். போட்ட பொய்யை நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் திருகுகள் பீக்கரில் சும்மா கிடந்தன. காலுக்குள் இருக்கிற திருகு அப்படிக் கிடப்பதில்லை, ஆள் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் இழுபடும். துணிக்கடையில் மீட்டர் அளந்ததும் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு வெட்டிவிட்டுக் கையால் சரக்கென்று கிழிப்பார்களே, அதேதான். அந்த வெட்டால் துணியின் எடை குறைவதில்லை. இழுக்கும்போது கிழிவது அங்கேதான். மெக்னீசியம் ஒரேசீராகக் கரையாது. அங்கங்கே குழி விழும். இழுவையும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் குழியின் அடியிலிருந்து விரிசல் ஓடும். தராசில் வைத்தால் திருகு பத்திரமாக இருக்கும். காலில் வைத்தால் போய்விடும்.

அன்று மதியமே அவர் அறைக்குப் போனேன். நோட்டைத் திறந்து வைத்து, நான்கு டிக்கையும் காட்டி, நடந்ததைச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நாலு நாள்மா. எண்பத்து நாலு நாள்ல நாலே நாள்."

"அந்த நாலு நாள்ல படிஞ்ச படலம்தான் சார் மிச்ச நாளைத் தள்ளியிருக்கு."

"அது உன்னோட ஊகம்."

"தாங்கும்னு சொல்றதும் இப்ப ஊகம்தான் சார்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "யாரு செய்யலை, சொல்லு? நான் செஞ்சிருக்கேன். இந்த பில்டிங்ல எந்த நோட்டை எடுத்தாலும் இது இருக்கும். அடிக்குறிப்புல 'விடுமுறை நாட்கள் நீங்கலாக'ன்னு ஒரு வரி போட்டுடலாம். அதுக்கு மேல போகாதே" என்றார்.

"அந்த வரியைப் படிக்கிறவங்களுக்கு என்ன புரியும் சார்? லீவு விட்டாங்கன்னு புரியும். லீவுனாலதான் திருகு பாஸாச்சுன்னு புரியுமா?"

அவர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

என் கணவர் மறைமலைநகரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "எங்க கம்பெனில பிரேக் பார்ட்டுக்கு இப்படி ஒரு டிக் போட்டது தெரிஞ்சா, கஸ்டமர் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிடுவான். நீ ஒரு பொங்கலையே திருப்பி அனுப்பப் பார்க்கிற" என்றார். சிரிப்பு வரவில்லை. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தவர், "வேலை போயிடும். அதையும் யோசிச்சியா?" என்றார். யோசித்தாயிற்று என்றேன். யோசித்திருந்தேன்தான். பயமாகவும் இருந்தது. பயமாக இருந்ததே இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஏப்ரல் கூட்டத்தில் ஆறு பேர். அவர்களில் ஒருவர் எலும்பு முறிவு டாக்டர், வெள்ளைச் சட்டை, மேல்பாக்கெட்டில் இரண்டு பேனா. திருகைக் காலில் வைக்கப்போகிறவர் அவர்தான். துறைத் தலைவர் ஸ்லைடுகளைப் போட்டுக்கொண்டு வந்தார். சமமான கோடு திரையில் வந்ததும் நான் எழுந்தேன். போகியிலிருந்து காணும் பொங்கல் வரை தண்ணீர் மாற்றவில்லை, மாற்றியதாக நோட்டில் எழுதியது நான்தான், அந்தக் கோடு அதனால் வந்தது என்றேன். மூன்றே வாக்கியம். பாத்ரூம் கண்ணாடி முன்னால் அதைப் பத்து தடவை சொல்லிப் பார்த்திருந்தேன்.

டாக்டர் என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டார். "நாலு நாளைப் பொய்யா எழுதினவங்க, மிச்ச எண்பது நாளை மட்டும் உண்மையா எழுதியிருப்பீங்கன்னு நான் எப்படி நம்பறது?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. முகம் சுட்டது. ஆனால் அவர் கேட்டது நியாயம். நான் அவருடைய நாற்காலியில் இருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன்.

"நம்பாதீங்க சார். அதனாலதான் மொத்தத்தையும் மறுபடி செய்யணும்ங்கறேன். இந்தத் தடவை திருகை இழுத்துக் கட்டி வெச்சுச் செய்யணும்."

அப்போதுதான் துறைத் தலைவர் அந்த மன்னிப்பை வழங்கினார். இளகிய குரலில், அவள் நல்ல பெண், வேலைப் பளு, ஏதோ ஒரு சின்னத் தவறு, நான் அதை மன்னித்துவிட்டேன், கமிட்டியும் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். "சின்னத் தவறு இல்லை சார். மன்னிக்கவும் வேண்டாம், திரும்பச் செய்ய விட்டா போதும்" என்றேன். அறையில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். டாக்டர் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார்.

முடிவு இப்படி வந்தது. ஒரு வருடம் தருகிறோம். இழுவையோடு பன்னிரண்டு வாரம் திருகு தாங்கினால் நோயாளிகளுக்கு வைக்கலாம். ஒரே ஒரு திருகு முறிந்தாலும் திட்டத்தை அத்தோடு மூடிவிட வேண்டும். திட்டம் மூடினால் என் ஒப்பந்தமும் மூடும், அதைத் தனியாக எழுத வேண்டிய அவசியமில்லை. ஆக, அந்தத் திருகு ஜெயித்தால் எனக்கு வேலையும் உண்டு, என் கணுக்காலின் கோபத்துக்கு ஒரு பதிலும் உண்டு. தோற்றால் இரண்டும் கிடையாது. இதில் நான் எந்தப் பக்கம் என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். தினமும் மனசுக்குள் திருகின் பக்கம்தான் நின்றேன்.

திருகை இழுத்துப் பிடிக்கச் சட்டம் வேண்டும். எஃகில் செய்ய முடியாது. உப்புத் தண்ணீரில் எஃகு பட்டால் மெக்னீசியம் இன்னும் வேகமாக அரித்துப்போகும். செங்கல்பட்டில் ஒரு லேத் பட்டறையில் கெட்டியான பிளாஸ்டிக்கில் நான்கு சட்டம் கடைந்து வாங்கினேன். ஸ்பிரிங் தண்ணீருக்கு வெளியே. திருகு தண்ணீருக்குள், எப்போதும் இழுபட்டபடி. ஆய்வக உதவியாளர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், இதை நிக்க வெச்சு அடிக்கிற மாதிரி கீது" என்றார். ஆமாம், நம்மைப் போலத்தான் என்றேன்.

எப்போது ஆரம்பிப்பது என்பதில் மறுபடி ஒரு சண்டை. பொங்கல் முடிந்து ஆரம்பி என்றார் துறைத் தலைவர், இடைஞ்சல் இருக்காது. நான் டிசம்பரில்தான் என்றேன். அதே வாரம், அதே பொங்கல் நடுவில் வர வேண்டும். "பிடிவாதம் பிடிக்கிறே" என்றார். பிடித்தேன்தான். போன வருடம் எந்த இடத்தில் கோடு சமமானதோ அந்த இடத்தை இந்த வருடம் என் கண்ணால் பார்க்க வேண்டும். தலைவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இந்தத் தடவை மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். போகியன்று காலையில் போய் மாற்றிவிட்டு வந்தேன். பொங்கலன்று பானை பொங்கியதும் கிளம்பினேன். மாமியார், "சாமிக்குப் படைக்கறதுக்குள்ள போகணுமா, அது என்ன கைக்குழந்தையா?" என்றார். கிட்டத்தட்ட என்றேன். மாட்டுப் பொங்கலன்று ஆய்வகத்துக்குப் போனதும் உதவியாளரே சொன்னார். "நான் குப்பத்துலதான் கீறேன் மேடம். நான் மாத்திடறேன். நீங்க வூட்ல நாஸ்தா துன்னுட்டு ரெஸ்ட் எடுங்க. நாளைக்கு மட்டும் வரமாட்டேன், வூட்ல வறுத்த மீன் கடை போடறோம், செம கூட்டம்." பிறகு கண்ணைச் சிமிட்டி, "நீங்களும் வராதீங்க. ஒருநாள் டிக் போட்டுக்கலாம், யாருக்குத் தெரியப்போவுது" என்றார். கிண்டல்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. "நாளைக்கும் வரேன்" என்று சொல்லிவிட்டு அன்றைய தண்ணீரையும் நானே மாற்றினேன்.

காணும் பொங்கலன்று காலை எட்டு மணிக்கு பஸ் ஏறினேன். நினைத்தபடியே ஆயிற்று. திருக்கழுக்குன்றம் தாண்டி ஊர்ந்து ஊர்ந்து, மாமல்லபுரத்துக்கு வெகு முன்னாலேயே போலீஸ் தடுப்புப் போட்டு எல்லா வண்டியையும் நிறுத்திவிட்டது. அதற்கு மேல் நடைதான். சாலை முழுக்கக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள், கையில் புளிசாதத் தூக்கு, தோளில் குழந்தை, மினிலாரியின் பின்னால் பாட்டுப் பெட்டி. எல்லோரும் ஊருக்குள் கடலைப் பார்க்கப் போனார்கள். நான் ஊரைத் தாண்டி வடக்கே போக வேண்டும்.

ஊரைக் கடந்து முதல் கிலோமீட்டரிலேயே கணுக்கால் பேச ஆரம்பித்தது. செருப்பு வார் திருகின் தலைமேல் உரசி உரசித் தோல் சிவந்துவிட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். தார் சுட்டது, திரும்பப் போட்டுக்கொண்டேன். ஒரு கரும்புச்சாறு வண்டிக்காரர், "இன்னாக்கா, பீச்சு அந்தாண்ட கீது, நீ எதிர்ல போயிகினு கீற" என்றார். வேலைக்குப் போறேன் என்றேன். இன்னைக்கா என்று கேட்டுவிட்டு, காசு வாங்காமல் ஒரு டம்ளர் சாறு கொடுத்தார். குடித்துவிட்டு நடந்தேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, கோபத்தில். இந்த எஃகு என் காலுக்குள் எந்த நோவும் இல்லாமல் ஜம்மென்று இருக்கிறது. நோவு எனக்குத்தான். அங்கே பீக்கருக்குள் இருக்கிறது தாங்கட்டும், ஆறு வாரம் ஆகிவிட்டது, இன்னும் ஆறே வாரம் தாங்கட்டும் என்று முனகிக்கொண்டே போனேன்.

கேட்டில் காவலர் இல்லை. சாவி என்னிடம் இருந்தது. ஆய்வகத்துக்குள், பீக்கர்களை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டியின் மெல்லிய இரைச்சல் மட்டும். நான்கு பீக்கர், நான்கு சட்டம். கதவருகிலிருந்தே தெரிந்துவிட்டது. மூன்றாவது சட்டத்தின் ஸ்பிரிங் தொய்ந்து கிடந்தது.

கிட்டே போய் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். திருகு மரையை ஒட்டி இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் ஓரமாக ஒரு கருப்புக் குழி, அதிலிருந்து விசிறிபோல் விரிந்த கோடுகள். மிச்ச உடம்பு கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. தராசில் வைத்தால் பாஸாகியிருக்கும். போன வருடம் இதே நாளில் பத்திரமாகத் தூங்கிய அதே உலோகக் கலவை, அதே அளவுத் திருகு. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். தோற்றுவிட்டேன் என்பது உடம்பு முழுக்கத் தெரிந்தது. பொய் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. இரண்டாவது முதலாவதை ஆற்றவில்லை. அப்படி ஆற்றும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

படம் எடுத்தேன். துறைத் தலைவருக்கு போன் செய்தேன். பின்னால் தொலைக்காட்சிச் சத்தமும் குழந்தைகள் சத்தமும் கேட்டது. சொன்னேன். அவர் எழுந்து வேறு அறைக்குப் போனது, கதவை மூடியது எல்லாம் கேட்டது.

"லீவு நாள்ல உன்னை யாரும்மா அங்க போகச் சொன்னது?" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"யாரும் சொல்லலை சார்."

"நாலு நாள் கழிச்சுப் போயிருந்தா, தண்ணி பழசாகி... தாங்கியிருக்கும். இல்லையா?"

"தாங்கியிருக்கலாம் சார். போன வருஷம் தாங்கிச்சே."

அதோடு இதையும் சொன்னேன். "கால்ல வெச்சா அதுக்கு லீவு கிடையாது சார்."

"சரி, எழுதிடு" என்றார். போனை வைத்துவிட்டார்.

நோட்டை எடுத்தேன். தேதிக்கு எதிரே, மூன்றாம் எண் திருகு உடைந்திருந்தது என்று எழுதி, நேரம் போட்டேன். பக்கத்தில் அன்றைய டிக்குக்கான கட்டம் காலியாக இருந்தது. பேனா கையிலேயே இருந்தது, கால் தெறித்துக்கொண்டிருந்தது, அந்தக் கட்டடத்தில் என்னைத் தவிர ஒரு ஆள் கிடையாது. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். உடையாத மூன்று திருகுகளுக்கும் பழைய தண்ணீரை வடித்தேன், புதுத் தண்ணீரை அளந்து ஊற்றினேன், குமிழ் எழும்புகிறதா என்று ஒவ்வொன்றாக நின்று பார்த்தேன். மூன்றும் முடிந்த பிறகுதான் டிக் போட்டேன்.